பேய்ப் பறவைக்கு ஒரு வீடு

மலாயா என்னும் பெயரைக் கேளாத யாழ்ப்பாணத்து வீடு முற்காலத்தில் ஒன்றேனும் இருந்திருக்குமோ என்பது ஐயமே. புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தோட்டங்களிலும் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறி, ‘மலாயன் பென்ஷனியர்’ என்ற பட்டத்தோடு ஊர் திரும்பிய பெரியவர்கள் கட்டிய கல்வீடுகள் இன்றும் நம் கிராமங்களில் நிற்கின்றன. அவர்கள் சொல்லும் கதைகளில் ஈயமும் இறப்பரும் தவறாது வரும். இக்கட்டுரையோ ஈயத்தைப் பற்றியதுமன்று, இறப்பரைப் பற்றியதுமன்று. கண்டவர் முகஞ்சுளிக்கும் ஒரு பறவை, அந்நாட்டுத் தோட்டங்களிலும் வயல்களிலும் சம்பளமில்லாக் காவற்காரனாக மாறிய வரலாற்றைப் பற்றியது.

அதைக் காண விரும்புவோர் கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே சுமார் எழுபது கிலோமீற்றர் சென்று குவாலா சிலாங்கூரை அடைய வேண்டும். சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. ஊருக்கு மேலே மலாவத்திக் குன்று நிற்கிறது. 1784ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இக்குன்றின் கோட்டையைக் கைப்பற்றித் தம் மொழியில் அதற்குப் பெயரும் இட்டனர். யாழ்ப்பாணக் கோட்டையை ஆண்ட அதே ஒல்லாந்தர்தாம். இன்று அங்கே பழைய பீரங்கிகளும், ஒரு வெளிச்சவீடும், மனிதர் கையிலிருந்து அச்சமின்றி உணவு வாங்கும் சாம்பல்நிறக் குரங்குகளும் உள்ளன. இரவானால் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக மின்னுவதைப் படகிலிருந்து காணலாம். உல்லாசப் பிரயாணிகள் இவ்வளவோடு திரும்பிவிடுவர். நாம் சற்று உள்ளே போவோம்.

தென்னமரம் என்னும் செம்பனைத் தோட்டம்

குவாலா சிலாங்கூர் மாவட்டத்திலே ‘தென்னமரம்’ என்று தமிழ்ச் செவிக்கு இனிதாக ஒலிக்கும் பெயருடைய தோட்டம் ஒன்று உண்டு. பெயர்தான் தென்னமரம்; புகழ் பெற்றதோ செம்பனையால். மலாயாவிலே வியாபார நோக்கத்தோடு முதன்முதல் செம்பனை நடப்பட்டது இங்கேதான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி போக்கொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர். இவர் தோட்டத்துரை மட்டுமல்லர், எழுத்தாளருங்கூட. மலாயாவைக் களமாகக் கொண்டு இவர் எழுதிய நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கொங்கூர்ப் பரிசைப் பெற்றது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. 1848ஆம் ஆண்டில் ஜாவாவின் பொகோர்ப் பூங்காவுக்கு வந்து சேர்ந்த நான்கே நான்கு கன்றுகளிலிருந்து தென்கிழக்காசியாவின் தொடக்ககாலச் செம்பனைகள் பெருகின. 1960ஆம் ஆண்டுகளிலிருந்து மலேசியா இறப்பரைக் குறைத்துச் செம்பனையைப் பெருக்கியது. இன்று வீதியின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் அதுவே தெரிகிறது. ஒரு ஹெக்டயருக்கு ஏறத்தாழ 140 மரங்கள். அளந்து வைத்தாற்போன்ற இடைவெளி. உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் மாலை நேரத்து மங்கல் ஒளியே நிலவும். வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசைகளுக்கிடையே குவிந்து கிடக்கும். அந்தக் குவியல்களுக்குள் தான் நம் கதையின் பகைவன் வாழ்கிறான்.

எலிக்கு இதைவிடச் சிறந்த இல்லம் எங்கே கிடைக்கும்? தலைக்கு மேலே ஆண்டு முழுவதும் எண்ணெய் நிறைந்த பழக்குலை. காலுக்குக் கீழே மட்டைக் குவியலின் மறைவு. மழைக்காலம், வெயிற்காலம் என்ற பேதமின்றி உணவு. போதாதற்கு, செம்பனைப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நன்றாக நடப்பதற்காக 1981ஆம் ஆண்டில் கமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் ஆண்பூங்கொத்தில் வளரும் அவ்வண்டின் புழுக்கள் எலிக்கு மற்றுமொரு விருந்தாயின.

தடுப்பாரின்றி விட்டால் ஒரு ஹெக்டயரில் இருநூறு முதல் ஐந்நூறு எலி வரை பெருகக்கூடும் என்றும், அவற்றால் எண்ணெய் விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவு அழியக்கூடும் என்றும் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். நூற்றுக்கு ஐந்து என்பது சிறிதாகத் தோன்றலாம். ஆயிரக்கணக்கான ஹெக்டயர் கொண்ட தோட்டத்தில் அது எத்தனை தொழிலாளரின் வேதனம் என்று எண்ணிப் பார்த்தாற்றான் அதன் பாரம் விளங்கும்.

பாஷாணத்தின் காலம்

தோட்டக்காரர் முதலில் நாடியது எலிப்பாஷாணத்தை. 1960ஆம் ஆண்டுகளில் வார்பரின் என்னும் மருந்து வந்தது. இரத்தம் உறையாமற் செய்து, சில நாட்களில் எலியைக் கொல்வது அது. சோளத்தூளோடும் மெழுகோடும் கலந்து சிறு கட்டிகளாக்கி, மரத்துக்கொன்றாக வைத்துவர வேண்டும். சில நாள் கழித்துச் சென்று, எலி தின்ற இடங்களில் மீண்டும் புதுக்கட்டி வைக்க வேண்டும். தின்பது குறையும் வரை இவ்வாறே சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

அப்பகுதியில் மண்டோராக, அதாவது நம் மலைநாட்டு வழக்கில் கங்காணியாக, வேலை பார்த்து இளைப்பாறிய முதியவர் ஒருவர் அந்நாட்களை எமக்கு விவரித்தார்.

“விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டால் வெயில் ஏறும் வரை நடைதான், ஐயா. குனிவதும் நிமிர்வதுமாக முதுகு ஒடிந்துவிடும். ஆரம்பத்திலே எலி நன்றாகச் செத்தது. பிறகு பிறகு தின்றும் சாகவில்லை. நாங்கள் அதற்குச் சாப்பாடு போட்டதுதான் மிச்சம்!”

அவர் வேடிக்கையாகச் சொன்னது விஞ்ஞானம் ஒப்புக்கொண்ட உண்மை. வார்பரினைத் தாங்கும் எலிகள் மலேசியாவில் 1980ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. ஒரு மருந்தையே நெடுங்காலம் வைத்தால், அதற்கு மசியும் எலிகள் மடிந்து, மசியாதவை மிஞ்சி, அவற்றின் வமிசமே தழைக்கிறது. ஆகவே அதனிலும் கொடிய புதிய பாஷாணங்கள் வந்தன. அவற்றில் ஒருமுறை தின்றாலே எலி சாகும். ஆனால் உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடித் திரியும். அந்த எலியைப் பிடித்துத் தின்னும் பிராணியின் ஈரலில் நஞ்சு போய்த் தங்கும். இவ்வாறு, எலியைக் கொல்ல வைத்த நஞ்சு எலியின் பகைவனையும் கொன்றது.

“பெட்டிக்கு அடியிலே பறவை செத்துக் கிடப்பதைப் பார்த்தோம்,” என்றார் முதியவர். “அப்போதுதான் துரைமாருக்கே யோசனை வந்தது.”

யார் இந்தப் பறவை?

எலியின் பகைவன் என்று இங்கே குறிப்பிட்டது கூகையை. ஆந்தை இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ அரைக்கிலோ நிறையுடையது. இருதய வடிவான வெள்ளை முகம், கரிய கண்கள், பொன்னிற முதுகு, வெண்ணிற வயிறு. மற்ற ஆந்தைகளைப் போல இது அலப்புவதில்லை. கிறீச்சென்று அலறும், பாம்பைப் போலச் சீறும். வெள்ளை உருவம் ஒன்று ஓசையேயின்றி இருளில் மிதந்து வந்து திடீரென்று அலறினால் துணிந்தவனுக்கும் நெஞ்சு பதறாதா? தமிழ்நாட்டார் பலர் இதனைச் சாக்குருவி என்றே அழைத்துவிட்டனர். மலாய்க்காரரும் பின்னிற்கவில்லை. ஆந்தைக்கு அவர்கள் மொழியில் ‘பூரோங் ஹந்து’ என்று பெயர். பூரோங் என்றால் பறவை, ஹந்து என்றால் பேய். ஆனால் இந்தக் கூகைக்கு மட்டும் ‘புங்குக் ஜெலாபாங்’ என்ற வேறொரு பெயரும் மலாயில் உண்டு. ஜெலாபாங் என்பது நெற்களஞ்சியம். அஞ்சியவன் இட்ட பெயர் ஒன்று, பயனறிந்தவன் இட்ட பெயர் மற்றொன்று போலும்!

இதன் உடலமைப்பு வியப்புக்குரியது. இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே அமைந்துள்ளன. ஓர் ஒலி இரு காதுகளையும் அடைவதிலுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே, எலி எத்திசையில், எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று மூளை கணித்துவிடுகிறது. தட்டையான முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் கிண்ணம். சிறகின் ஓரங்கள் குஞ்சம்போல் மென்மையானவை. ஆதலால் பறக்கும் ஓசை எழாது. முற்றும் இருளாக்கிய அறையிலே கூகை சருகின் சலசலப்பைக் கேட்டே எலியைப் பிடித்துவிடும் என்பதை ரோஜர் பெய்ன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி சோதித்து நிறுவினார்.

பிடித்த எலியைக் கூகை பெரும்பாலும் முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகத் திரட்டிப் பின்னர் வாயால் உமிழும். அவ்வுருண்டைகளைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணினால் அது தின்றது இன்னதென்று தெரிந்துவிடும். செம்பனைத் தோட்டங்களில் இவ்வாறு எண்ணிப் பார்த்தபோது இரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எலியாகவே இருந்தது. ஒரு சோடி தன் குஞ்சுகளோடு ஆண்டொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை உண்ணும் என்பது கணக்கு.

குறைவாயிருந்தது வீடு ஒன்றே

இங்கேதான் கதையின் உயிர்நாடி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் மலாயாத் தீபகற்பத்தில் கூகை காண்பதற்கரிய பறவையாயிருந்தது. செம்பனை பரவ, எலி பரவ, எலியைத் தேடிக் கூகை தானாகவே வந்து சேர்ந்தது. யாரும் அழைக்கவில்லை. ஆயினும் அதன் தொகை ஓரளவுக்கு மேல் பெருகவில்லை. உணவு ஏராளமாயிருந்தும் ஏன் பெருகவில்லை?

விடை எளியது. கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. மரப்பொந்து, பாழ்மண்டபம், கூரையின் உட்புறம் முதலிய இடங்களிலேயே அது முட்டையிடும். தோட்டமாக்கப்பட்ட நிலத்திலோ பழைய காட்டுமரம் ஒன்றுகூட இல்லை. செம்பனையின் தண்டில் பொந்து விழுவதுமில்லை. பந்தி விரித்திருக்கிறது, தங்குவதற்குத் திண்ணை இல்லை என்பதுபோன்ற நிலை. இதை உணர்ந்த ஆராய்ச்சியாளரும் தோட்டத்துறையினரும் 1970ஆம் ஆண்டுகளிலிருந்து மரப்பெட்டிகள் செய்து கம்பங்களில் ஏற்றி வைத்துப் பார்த்தனர். கூகைகள் குடிபுகுந்தன.

பெட்டியில் நுணுக்கம் அதிகமில்லை. ஒரு பறவை தாராளமாகத் திரும்பக்கூடிய அகலம். மழைநீர் வழிந்தோடச் சரிந்த கூரை. வெளிச்சம் நேரே உள்ளே விழாதபடி நடுவே ஒரு தடுப்பு. வாயிலின் முன்னே குஞ்சுகள் நின்று சிறகடித்துப் பழக ஒரு சிறு திண்ணை. நாலைந்து மீற்றர் உயரக் கம்பத்தில், பனையோலையின் நிழல் படும் இடமாகப் பார்த்து ஏற்றுவர். ஐந்து முதல் பத்து ஹெக்டயருக்கு ஒரு பெட்டி வைப்பது வழக்கம். பத்து ஹெக்டயர் என்றால் ஆயிரத்து நானூறு மரங்கள். அத்தனை மரங்களுக்கும் ஒரு குடும்பம் காவல்!

மற்றொரு நல்ல குணமும் கூகைக்கு உண்டு. இரைதேடும் பரப்பிலே அது அயலானோடு சண்டை பிடிப்பதில்லை. தன் கூட்டின் அண்டையை மட்டுமே காக்கும். ஆகையால் பல சோடிகள் அருகருகே வாழக்கூடும். பெண்பறவை இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக நாலு முதல் எட்டு முட்டை வரை இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே வயதினவாய் இரா. படிக்கட்டுப்போல் மூத்ததும் இளையதுமாக நிற்கும். எலி மலிந்தால் எல்லாம் பிழைக்கும். எலி குறைந்தால் கடைக்குட்டிகள் மடியும். இயற்கையின் கணக்கு சற்றுக் கடுமையானதுதான்.

வயல்வெளியில்

குவாலா சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் என்னும் ஊர்களை நோக்கிச் சென்றால் காட்சி மாறுகிறது. செம்பனையின் இருள் மறைந்து, வானம் விரிந்து, வாய்க்கால்களால் பகுத்த நெல்வயல் கடலருகே வரை பரந்து கிடக்கிறது. ஆண்டுக்கு இருபோகம் விளையும் பூமி. கிளிநொச்சி வயல்களைப் பார்த்த கண்ணுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இந்த வயல்களிலும் எலியின் தொல்லை உண்டு. பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது தண்டைக் கடித்து வீழ்த்தும் எலிக்கு ஓரிரவு போதும். கமக்காரன் விடியலில் வந்து வயலின் நடுவே வட்டமாகப் பயிர் விழுந்து கிடப்பதைக் கண்டு கைபிசைந்து நிற்பான். இங்கும் வரம்போரங்களில் கம்பம் நட்டுக் கூகைப் பெட்டிகள் வைத்துப் பயன் கண்டனர். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. வயலில் எலி பருவத்துக்குப் பருவம் ஏறும், இறங்கும். தோட்டத்தில் போல் ஆண்டு முழுதும் சீராக இராது. ஒருவன் தன் வயலில் மட்டும் பெட்டி வைப்பதிலும் பலன் குறைவு. பறவைக்கு வேலி தெரியாது; ஊர் கூடியே இதைச் செய்ய வேண்டும்.

செய்யக்கூடியதும் கூடாததும்

பெட்டி வைத்த மறுநாளே எலி ஒழியும் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டியதில்லை. முன்னர்ச் சொன்ன எண்களையே கூட்டிப் பாருங்கள். பெருகிவிட்ட நிலையில் பத்து ஹெக்டயரில் இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் எலி. ஒரு சோடி ஆண்டில் உண்பதோ ஆயிரத்துக்குச் சற்று மேல். எலியோ மாதந்தோறும் பெருகுவது. எனவே வெள்ளமாய்ப் பெருகிய எலியை இறக்குவது கூகையால் தனியே ஆகாது. இறங்கிய எலியை மீண்டும் ஏறாமல் பிடித்துவைக்க அதனால் முடியும். முதலில் பறவைக்குத் தீங்கு குறைந்த மருந்தை அளவாக வைத்து எலியைக் குறைத்து, பின்னர்க் காவலைக் கூகையிடம் ஒப்படைப்பதே அனுபவசாலிகள் கண்ட முறை. கூகையால் மட்டும் காரியம் ஆகுமா என்று ஐயுறும் தோட்டத்துறை நிபுணரும் உளர். ஆனால் கொடிய நஞ்சையும் கூகையையும் ஒரே இடத்தில் வைத்திருத்தல் இயலாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை.

பிறநாட்டு அனுபவமும் இரண்டு பாடங்களைத் தருகிறது. இஸ்ரவேலின் பெத் செயான் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டுப்பண்ணை 1983ஆம் ஆண்டில் 14 பெட்டிகளோடு இம்முயற்சியைத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஜோர்தானியக் கமக்காரரும் அதில் சேர்ந்துகொண்டனர். அங்கும் ஆந்தை அபசகுனம் என்ற எண்ணம் ஆழ வேரூன்றியதே. வயலில் எலி குறைவதைக் கண்ணால் கண்டபோதுதான் அது தளர்ந்தது. இது முதற் பாடம்.

மற்றது எச்சரிக்கை. 1940ஆம் ஆண்டுகளின் இறுதியில் சீஷெல்ஸ் தீவுகளுக்கு எலியை ஒழிக்கவென்று ஆபிரிக்காவிலிருந்து கூகைகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை எலியோடு நில்லாமல், அத்தீவுகளின் வெண்ணிறக் கடற்பறவைகளையும் வேட்டையாடின. காவலுக்கு வந்தவனே கள்வனான கதை! இருக்கும் பறவைக்கு இருக்க இடங்கொடுப்பது வேறு; இல்லாத இடத்தில் பறவையைக் கொண்டுபோய் விடுவது வேறு. மலாயாத் தீபகற்பத்தின் தோட்டங்களுக்குக் கூகை தானாக வந்தது. மனிதன் வீடு மட்டுமே கொடுத்தான்.

நமக்கு என்ன?

நம் தீவிலே கூகை அருமையாகவே காணப்படுகிறது. ஆனால் வேறு ஆந்தையினங்கள் பல உண்டு; அவையும் எலி தின்பவையே. முன்பு யாழ்ப்பாணத்துப் பட்டுப்போன பனைகளின் பொந்துகளில் கிளியும் ஆந்தையும் குடியிருந்தன. போர்க்காலத்திலே காவலரண்களுக்காகப் பெருந்தொகைப் பனைகள் வெட்டப்பட்டன. அவற்றோடு எத்தனை குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்று எவரும் பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் கமக்காரர் வயலின் நடுவே குறுக்குக்கட்டை வைத்த கழிகளை நட்டுப் ‘பறவைத் தாங்கி’ என்பர். இரவில் ஆந்தை வந்து அமர்ந்து எலியைப் பார்க்க அது போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு கழியும் ஒரு கயிறுமே.

எலியால் வரும் கேடு நெல்லோடு முடிவதுமில்லை. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் பல உயிர்களைக் கவர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஆந்தை அந்நோய்க்கு மருந்தென்று சொல்ல வரவில்லை; வைத்தியர் சொல்லும் தடுப்பு முறைகளே அதற்கு வழி. ஆயினும் எலியின் பகைவனைக் கல்லெறிந்து விரட்டிவிட்டு, கடையில் எலிப்பாஷாணம் வாங்கிவந்து வைப்பது எவ்வகையில் விவேகம்?

காலமறிந்து செயலாற்றுதலுக்கு வள்ளுவர் காட்டிய உவமையில், பகலில் காக்கைக்கு முன் கூகை தோற்கிறது. அது பகலின் கதை. வயலும் தோட்டமும் எலியிடம் அகப்படுவது இரவில். இரவோ கூகையின் காலம். வங்காளத்தார் இலக்குமியின் வாகனம் ஆந்தை என்பர். நம் பிள்ளையாரின் வாகனமோ எலி. வாகனங்கள் இரண்டும் தத்தம் அளவில் நிற்கும் வயலிலேதான் நெல்லும் நிற்கும், இலக்குமியும் நிற்பாள் என்று கொள்வதில் தவறில்லை.

முதிய மண்டோரிடம் விடைபெறும்போது, இப்போது அது அலறினால் அச்சமில்லையா என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“முன்பு அது கத்தினால் லயத்திலே ஒருவரும் உறங்கமாட்டோம், ஐயா. அம்மா அடுப்பிலே உப்பும் மிளகாயும் போடுவாள். தமிழர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வேலைக்கு இப்போது வேறு நாட்டவர் வருகிறார்கள். வருகிறவர்களும் முதலில் பயப்படத்தான் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே கிடக்கும் எலித்தலைகளைக் காட்டுவோம். அதற்குப் பிறகு ஒருவரும் கல்லெடுக்கமாட்டார்கள்.”